கோயிலும் ஊர் அமைப்பும்: மதுரை தரும் பாடம்

யாத்திரைத் தலங்கள் பலவற்றில் கோயிலைச் சூழ்ந்தே ஊர் வளர்ந்தது. தெருவின் அகலம், கடைகளின் இருப்பிடம், குளத்தின் அமைப்பு, சந்தை கூடும் காலம் ஆகியவற்றைக் கோயிலே வரையறுத்தது. இவ்வுண்மையை மதுரை மாநகர் தெளிவாக விளக்கும்.

மீனாட்சி சுந்தரேசுவரர் திருக்கோயில் மதுரையின் நடுவே அமைந்துள்ளது. மதிலுக்கு உட்புறம் ஆடி வீதிகள். வெளிப்புறம் சித்திரை வீதிகள். அவற்றை அடுத்து ஆவணி மூல வீதிகள். அதற்கும் அப்பால் மாசி வீதிகள். ஒவ்வொன்றும் கோயிலை நாற்புறமும் சுற்றி வருகின்றது. திருவிழா மாதங்களே வீதிகளின் பெயர்களாயின.

ஆயினும், சித்திரைத் தேர் இன்று ஓடுவது மாசி வீதிகளில் ஆகும். முன்பு மாசியில் நடைபெற்ற திருவிழாவைத் திருமலை நாயக்கர் (1623–1659) சித்திரைக்கு மாற்றி, அழகர் திருவிழாவுடன் இணைத்தார் என்பர். அறுவடை முடிந்து உழவர் ஓய்வுற்றிருக்கும் காலம் அது. மக்கள் திரளும்பொழுது மாடுகளும் விற்பனைக்கு வந்தன. மாட்டுத்தாவணி என்னும் இடப்பெயர் அச்சந்தையை இன்றும் நினைவூட்டுகின்றது.

தேர் எளிதில் திரும்பும் வாகனமன்று. வடம் பிடிப்போர் நிற்கவும், முட்டுக்கட்டை இட்டு மூலையில் திருப்பவும் விசாலமான இடம் வேண்டும். ஆகவே தேரோடும் வீதி அகலமாக விடப்பட்டது. அவ்வகலமே பிற்காலத்தில் வண்டிப் போக்குவரத்துக்கும் வாணிபத்துக்கும் உதவிற்று. யாத்திரிகரின் தேவையை நோக்கித் தொழில்களும் அருகே குடியேறின. வெண்கலக்கடைத் தெரு போன்ற பெயர்கள் அதற்குச் சான்று.

கோட்டைக்குள் அடங்கியிருந்த நகர், 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் வெளியே விரிந்தது. மதில் இடிக்கப்பட்டது, அகழி தூர்க்கப்பட்டது, அங்கே வெளி வீதிகள் தோன்றின. அப்பொழுதும் புதிய வீதிகள் பழைய சதுர அமைப்பையே பின்பற்றின.

குளமும் இவ்வமைப்பின் ஓர் அங்கம். வண்டியூர்த் தெப்பக்குளம் ஏறக்குறைய 1,000 அடி நீளமும் 950 அடி அகலமும் உடையது. வைகையிலிருந்து வாய்க்கால் வழியே அதற்கு நீர் வருமாறு அமைத்தனர். வரத்து தடைப்பட்ட காலத்தில் குளம் பல்லாண்டுகள் வறண்டு, சிறுவர் பந்தாடும் திடலாயிற்று. வாய்க்கால் சீர்பெற்று வைகை நீர் வந்த பின்னரே தெப்பம் மீண்டும் நீரில் மிதந்தது. குளத்தைக் காப்பது என்பது கரையை மட்டும் காப்பதன்று. வரத்துக் காலையும் காப்பதாகும்.

நெருக்கம் மிகுந்தால் வரும் கேடு யாது? 2018 பிப்ரவரி 2-ஆம் நாள், கோயிலின் கிழக்குப் பகுதிக் கடைகளில் தீப்பற்றியது. வீரவசந்தராயர் மண்டபம் பெருஞ்சேதமுற்றது. வழியையும் வெளியையும் கடைகள் அடைத்துக்கொண்டால், வாணிபத்தைத் தந்த கோயிலே இடருக்குள்ளாகும்.

நம் கிராமங்களிலும் தேரடி உண்டு, ஊருணி உண்டு, திருவிழாச் சந்தையும் உண்டு. பஞ்சாயத்து உறுப்பினர்கள் மூன்று காரியங்களைத் தவறாது செய்தல் வேண்டும். தேர் வீதியின் அகலத்தையும் மூலைகளையும் நில அளவைப் படத்தோடு ஒப்பிட்டு எல்லைக்கல் நாட்டுக. கட்டட அனுமதி வழங்குமுன் அவ்வெல்லையை நேரிற் சென்று பார்வையிடுக. குளத்தின் வரத்துக் காலையும் போக்குக் காலையும் மழைக்கு முன்னரே தூர் வாருக.

உழவர்களும் தம் வயல் ஓரத்து வாய்க்காலை ஒரு முழமேனும் வெட்டிச் சேர்த்துக்கொள்ளாதிருத்தல் வேண்டும். இன்று ஒருவர் நீட்டும் திண்ணை, நாளை தேரை நிறுத்தும். இன்று ஒருவர் அடைக்கும் கால், நாளை ஊர்க் கிணறுகளை வற்றச்செய்யும். முன்னோர் விட்டுச் சென்ற வெளியை வெளியாகவே காப்பது ஊர் வளர்ச்சியின் முதற் கடமையாகும்.