புது மினி டிராக்டர், வெட்டாத ஸ்லாஷர்: பிளேடைக் குறை சொல்லும் முன் பார்க்க வேண்டியவை

புது மினி டிராக்டருக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, தோட்டத்துக்குக் கொண்டு வந்தாச்சு. பின்னால் மாட்ட ஒரு ஸ்லாஷரும் சேர்த்து வாங்கியாச்சு. ஆனால் தோப்புக்குள் இறக்கினால் புல்லை வெட்டாமல் படுக்க வைத்துவிட்டுப் போகிறது. இல்லையென்றால் சீட்டே ஆடும் அளவுக்கு அதிர்கிறது. வண்டிக்கு வைத்த சந்தனப் பொட்டு காயும் முன்னே இப்படி ஆனால் யாருக்கும் எரிச்சல் வரத்தான் செய்யும்.

தாராபுரம், அலங்கியம், மூலனூர், குண்டடம் பக்கம் இது சின்ன விஷயம் இல்லை. விடிந்தால் பனியன் கம்பெனி வேன் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. தென்னந்தோப்பில் களை வெட்ட ஆள் தேடி அலைய வேண்டியிருக்கிறது. அமராவதிப் பாசனத்தில் தண்ணீர் விட்டால் பத்தே நாளில் புல்லும் பார்த்தீனியமும் முழங்கால் உயரம் வந்துவிடும். ஆள் இல்லாத குறையைத் தீர்க்கத்தான் கடன் வாங்கியோ மானியம் பெற்றோ இந்த இயந்திரத்தை வாங்குகிறீர்கள். அது நின்றால் வேலையும் நிற்கும், தவணை மட்டும் நிற்காது.

பெயரில் ஒரு குழப்பம் உண்டு. நம் ஊரில் பிரஷ் கட்டர் என்றால் தோளில் மாட்டி வெட்டும் சின்ன மெஷினைத்தான் சொல்வோம். இங்கே பேசுவது அதைப் பற்றி இல்லை. டிராக்டரின் பின்னால் மூன்று இணைப்புகளில் மாட்டி, பிடிஓ மூலம் சுற்றும் ரோட்டரி ஸ்லாஷரைப் பற்றித்தான். இதில் தகராறு வந்தால் முதலில் பிளேடை மாற்றத்தான் தோன்றும். புது மெஷினில் பெரும்பாலும் பிளேடு குற்றவாளி இல்லை. மாட்டிய விதத்திலும் ஓட்டும் விதத்திலும்தான் கோளாறு இருக்கும். அதை நீங்களே பார்த்து உறுதி செய்துகொண்டால் வீண் செலவு மிச்சம். உண்மையிலேயே தயாரிப்புக் குறை என்றால், டீலரிடம் பேச உங்கள் கையில் ஆதாரமும் இருக்கும்.

கை வைக்கும் முன்

எஞ்சினை நிறுத்தி, சாவியை உருவி உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பிடிஓவை அணைத்த பிறகும் பிளேடு வேகத்தில் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்; முழுசாக நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகே இறங்குங்கள். ஹைட்ராலிக்கில் தூக்கி நிறுத்தியிருக்கிறதே என்று நம்பி ஸ்லாஷருக்கு அடியில் தலையையோ கையையோ விடவே கூடாது. லீவரில் ஒரு குழந்தை கை வைத்தால் போதும், மொத்த எடையும் கீழே வந்துவிடும். நல்ல மரக்கட்டைகளை நாலு மூலையிலும் முட்டுக் கொடுத்த பிறகுதான் அடியில் பார்க்க வேண்டும்.

புல்லை வெட்டாமல் படுக்க வைத்தால்

முதல் சந்தேகம் வேகத்தின் மேல் வரட்டும். பெரும்பாலான ஸ்லாஷர்கள் பிடிஓ நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும்போது வெட்டும்படி செய்யப்பட்டவை. உள்ளே உள்ள கியர்பாக்ஸ் அதைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக்கி, பிளேடை 1000 சுற்று அளவுக்குச் சுழற்றுகிறது. 4 அடி அகல ஸ்லாஷரில் பிளேடு நுனி அப்போது மணிக்குச் சுமார் 230 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். இந்த வேகம்தான் வெட்டுகிறது; கூர்மைக்கு இரண்டாவது இடம்தான்.

டீசல் மிச்சம் என்று ஆக்ஸிலேட்டரைக் குறைத்து ஓட்டுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பிடிஓ 540-லிருந்து 360-க்கு இறங்கினால் வேகம் மூன்றில் இரண்டு பங்காகிறது. ஆனால் பிளேடு மோதும் ஆற்றல் பாதிக்கும் கீழே, 44 சதவீதத்துக்கு வந்துவிடும். புல் வளைந்து கொடுத்துத் தப்பித்துக்கொள்ளும். எந்த எஞ்சின் ஆர்பிஎம்மில் உங்கள் டிராக்டரின் பிடிஓ 540 சுற்றும் என்பது கையேட்டில் இருக்கும். பல வண்டிகளில் மீட்டரிலேயே குறி போட்டிருப்பார்கள். அந்தக் குறியில் முள்ளை நிறுத்தி, சின்ன கியரில் மெதுவாகப் போங்கள். எஞ்சின் வேகமாகவும் வண்டி மெதுவாகவும் போக வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

சில மினி டிராக்டர்களில் பிடிஓவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வேகம் இருக்கும். 540-க்கான ஸ்லாஷரை அதைவிட வேகமான கியரில் போட்டு ஓட்டினால் நன்றாக வெட்டுவது போலத் தெரியும். கியர்பாக்ஸும் பிளேடு போல்ட்டும் அதற்குத் தாங்காது. இன்னும் சில மாடல்களில் ரிவர்ஸ் பிடிஓவும் உண்டு. தெரியாமல் அதில் விழுந்துவிட்டால் பிளேடின் மொட்டை முதுகுதான் புல்லின் மேல் அடிக்கும். லீவர் எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

வேகம் சரியாக இருந்தும் வெட்டவில்லையா? அடுத்து பிளேடு மாட்டிய திசை. டிராக்டர் பக்கத்திலிருந்து பிடிஓ ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு, ஸ்லாஷருக்குப் பின்னால் டிராக்டரைப் பார்த்தபடி ஒருவர் நிற்கட்டும். இன்னொருவர் ஷாஃப்ட்டை, பின்னால் நிற்பவர் கண்ணுக்குக் கடிகார முள் போகும் திசையில் கையால் மெதுவாகச் சுற்றட்டும். பிடிஓ சாதாரணமாகச் சுற்றும் திசை அதுதான். இப்போது பிளேடின் கூரான விளிம்பு முன்னே வர வேண்டும். மொட்டை விளிம்பு முன்னே வந்தால் பிளேடு மாறி மாட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். சில பிளேடுகளில் நுனி ஒரு பக்கம் வளைந்திருக்கும்; அது எந்தப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும் என்பதைக் கையேட்டுப் படத்தோடு ஒத்துப் பாருங்கள். பார்சலில் வந்த ஸ்லாஷரை அவசரத்தில் பூட்டும்போது இந்தத் தவறு நடப்பதுண்டு. கழற்றிச் சரியாக மாட்டினால் செலவே இல்லை.

ஒரு பக்கம் வெட்டி மறுபக்கம் வெட்டாமல் விட்டால் மட்டம் சரியில்லை. இடவலமாக ஒரே உயரம் இருக்கட்டும். முன்பக்கம் பின்பக்கத்தைவிட ஒன்று முதல் இரண்டு அங்குலம் தாழ்ந்திருக்கட்டும்; டாப் லிங்க்கைத் திருகினால் சரியாகிவிடும்.

அதிர்ந்தால் உடனே நிறுத்துங்கள்

வெட்டாவிட்டால் நேரம்தான் போகும். அதிர்ந்தால் உயிருக்கே ஆபத்து. அந்த வேகத்தில் ஒரு பிளேடு கழன்றால் தோப்பின் மறுகோடி வரை பறக்கும். "கொஞ்சம் ஆடுது, இந்த வரிசையை முடிச்சுட்டுப் பார்க்கலாம்" என்று மட்டும் நினைக்காதீங்க.

ஸ்லாஷர் பிளேடு இறுக்கமாகப் பூட்டிய கத்தி இல்லை. போல்ட்டில் தொங்கி, சுற்றும் வேகத்தில் வெளியே விரிந்து நிற்கும். கல்லில் மோதினால் பின்னால் மடங்கித் தப்பிக்கும். அதனால் போல்ட் நன்றாக இறுகியிருக்க வேண்டும், பிளேடு மட்டும் கையால் தள்ளினால் தாராளமாக ஆட வேண்டும். புது மெஷினில் பெயின்ட் ஒட்டிக்கொண்டு ஒரு பிளேடு மடங்கியே நின்றுவிடுவதுண்டு. ஒன்று விரிந்து இன்னொன்று மடங்கி நின்றால் சமநிலை போய்விடும். பிறகு அதிராமல் என்ன செய்யும்?

அடுத்து, எதாவது சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். சொட்டுநீர்க் குழாய், தேங்காய் நார், கட்டுக்கம்பி எல்லாம் சகஜம். நம் பகுதிக்கே உரிய ஒன்றும் உண்டு: பனியன் கட்டிங் துணி. கன்றைக் கட்ட, குழாய் ஒழுகலை அடைக்க என்று தோட்டமெங்கும் அது கிடக்கும். மற்ற துணி மாதிரி கிழியாது, இழுத்தால் நீளும். பிளேடு தாங்கிக்கு மேலே கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டில் கயிறு போல முறுக்கிக்கொண்டு ஆயில் சீலை அறுத்துவிடும். ஆயில் ஒழுகுவது பிறகுதான் தெரியும்.

ஆயில் என்றதும் இன்னொன்று. புது ஸ்லாஷர் கியர்பாக்ஸில் ஆயில் ஊற்றாமலே வருவதும் உண்டு. ஓட்டும் முன் அளவு பார்க்கும் போல்ட்டைத் திறந்து பாருங்கள்.

பிளேடு போல்ட்டை முதல் ஒரு மணி நேரம் ஓட்டியதும் மறுபடி இறுக்க வேண்டும். எவ்வளவு இறுக்கம் என்று கையேட்டில் எண் இருக்கும். சின்ன ஸ்பேனரில் அந்த அளவு வராது. டார்க் ரெஞ்ச் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து இறுக்குவது நல்லது. பிளேடை மாற்றுவதாக இருந்தால் ஜோடியாக மாற்றுங்கள். பழையது ஒன்று புதியது ஒன்று என்றால் எடை ஒத்துவராது.

ஷாஃப்ட் நீளமும் ஷியர் போல்ட்டும்

மினி டிராக்டரில் அடிக்கடி வரும் தகராறு இது. பெரிய டிராக்டருக்கு ஏற்ற நீளத்தில் பிடிஓ ஷாஃப்ட் வரும். மினி டிராக்டரில் பிடிஓவுக்கும் ஸ்லாஷருக்கும் தூரம் குறைவு. அப்படியே மாட்டினால், தூக்கி இறக்கும்போது ஒரு குழாய் இன்னொன்றின் அடிவரை போய் முட்டும். அந்த அடி நேராக டிராக்டரின் பிடிஓ பேரிங்கில் விழும். மெஷின் மட்டமாக இருக்கும்போதுதான் ஷாஃப்ட் மிகவும் சுருங்கும். அப்போதும் உள்ளே ஒரு அங்குலமாவது இடம் இருக்க வேண்டும். முழுசாக நீளும்போது இரண்டு குழாயும் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். நீளம் அதிகம் என்றால் டீலரை வைத்தே வெட்டச் சொல்லுங்கள். நீங்களாக வெட்டிவிட்டால் பிறகு வாரன்டி பேச முடியாமல் போகலாம்.

கல்லிலோ கட்டையிலோ மோதினால் ஷியர் போல்ட் உடைய வேண்டும், அதற்காகத்தான் அது இருக்கிறது. வீட்டு ஃப்யூஸில் கம்பி போகிறதே என்று தடித்த கம்பி போடுவதும், இங்கே கெட்டி போல்ட் மாட்டுவதும் ஒன்றுதான். அடுத்த தடவை உடைவது கியர்பாக்ஸாக இருக்கும். கையேட்டில் சொன்ன தரத்தில் ஐந்தாறு வாங்கி டூல் பாக்ஸில் போட்டு வையுங்கள்.

பிடிஓவுக்குத் தனி கிளட்ச் இல்லாத டிராக்டரில் ஒரு ஆபத்து உண்டு. கிளட்சை மிதித்த பிறகும், சுற்றிக்கொண்டிருக்கும் ஸ்லாஷரின் வேகம் கியர் வழியாக வந்து வண்டியை முன்னே தள்ளும். வரப்பு ஓரத்திலும் கிணற்று மேட்டிலும் இது என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. ஓவர் ரன்னிங் கிளட்ச் என்ற சின்ன இணைப்பைப் பிடிஓவில் மாட்டினால் இது நிற்கும். உங்கள் மாடலுக்கு அது வேண்டுமா என்று டீலரிடம் கேளுங்கள்.

மட்டையை ஸ்லாஷரில் விடாதீங்க

நம் தோப்புகளில் பிளேடைக் கெடுக்கும் முதல் காரணம் தென்னை மட்டை. இலைப் பக்கம் வெட்டுப்படும், அடிமட்டை படாது. மோதி மோதி பிளேடு மழுங்கி, ஷியர் போல்ட் போய், கடைசியில் கியர்பாக்ஸ் போகும். மட்டையைத் தூளாக்க ஷ்ரெட்டர் என்ற தனி இயந்திரம் இருக்கிறது. முதலில் மட்டையைப் பொறுக்கி ஓரம் போட்டுவிட்டுப் பிறகு ஸ்லாஷரை இறக்குங்கள். சுக்கான் கல் கிடக்கும் காட்டில் ஸ்கிட்டை ஏற்றி, வெட்டும் உயரத்தைக் கூட்டி வையுங்கள். நூறு மீட்டருக்குள் ஆளோ ஆடு மாடோ இருக்கக் கூடாது, கல் தெறிக்கும்.

மழுங்கிய பிளேடைத் தீட்டும்போது பழைய சாய்வு மாறாமல், இரண்டையும் ஒரே அளவு தீட்ட வேண்டும். சவரக் கத்தி மாதிரி கூராக்காதீங்க. விளிம்பில் ஒன்றரை மில்லிமீட்டர் அளவு தடிப்பு விட்டால்தான் நாள்பட நிற்கும். விரிசல் விட்ட பிளேடை வெல்டிங் வைத்து ஓட்டவே கூடாது.

இத்தனையும் சரி, இன்னும் தகராறு என்றால்

டிராக்டர் ஒரு கம்பெனி, ஸ்லாஷர் இன்னொரு கம்பெனி. வாரன்டியும் தனித்தனி. இவரிடம் கேட்டால் அவரைக் கைகாட்டுவார், அவரிடம் போனால் இவரை. இங்கேதான் உங்கள் செல்போன் உதவும். சீட்டில் உட்கார்ந்தபடியே ஆர்பிஎம் மீட்டரும் சத்தமும் பதிவாகும்படி செல்போனை ஸ்டாண்டில் வைத்து வீடியோ எடுங்கள். வீடியோவுக்காக யாரையும் மெஷின் பக்கத்தில் நிறுத்தாதீங்க. எஞ்சினை நிறுத்திய பிறகு பிளேடு, போல்ட், ஆயில் ஒழுகும் இடம், சீரியல் நம்பர் பிளேட், ஹவர் மீட்டர் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். இரண்டு பில்லையும் வாரன்டி அட்டையையும் படம் எடுத்து வையுங்கள். பிளேடு தேய்மானப் பொருள் என்று பெரும்பாலும் வாரன்டியில் சேர்க்க மாட்டார்கள். கியர்பாக்ஸ், பிளேடு தாங்கி, ஷாஃப்ட் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்.

புகாரை போனில் மட்டும் சொல்லாமல் வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ எழுத்தில் கொடுங்கள். மானியத்தில் வாங்கிய இயந்திரம் என்றால் உங்கள் பகுதி வேளாண்மைப் பொறியியல் துறை உதவி செயற்பொறியாளர் அலுவலகத்துக்கும் தெரிவியுங்கள். துறைப் பொறியாளர்களிடம் தொழில்நுட்ப ஆலோசனையும் கிடைக்கும்.

டீலர் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் முடியாவிட்டால் திருப்பூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. சொந்தப் பிழைப்புக்காக வாங்கியது நுகர்வோர் பொருளாகவே கருதப்படும். வாடகைக்கு விடும் தொழிலுக்கென்றே வாங்கியிருந்தால் எதிர்த்தரப்பு அதைக் கிளப்பும், தயாராக இருங்கள்.

வழக்கோ வாரன்டியோ முடியும்வரை புல் காத்திருக்காது. உழவன் செயலியில் வேளாண் இயந்திர வாடகைப் பகுதிக்குப் போனால், வேளாண்மைப் பொறியியல் துறையின் டிராக்டரையும் கருவிகளையும் முன்பதிவு செய்யலாம். உங்கள் பகுதியில் எந்தக் கருவி இருக்கிறது, வாடகை எவ்வளவு என்பதை அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். செயலி ஓடவில்லை என்றால் கிசான் கால் சென்டர், 1800-180-1551, காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை, தமிழிலேயே பேசலாம்.