போனை ‘ரூட்’ பண்ணலாமா?



போன மாதக் கூட்டத்தில் தவணைப் பணத்தை எண்ணி முடித்து, டீ வரும் நேரத்தில் ஒரு ஊக்குநர் தன் போனை எடுத்துக் காட்டினார். வாங்கி நாலு வருஷம் ஆகிறது. தினமும் ‘மெமரி இல்லை’ என்கிறது. குழுவின் தீர்மானப் புத்தகத்தைப் போட்டோ எடுக்கக்கூட இடமில்லை. டவுன் கடைக்காரத் தம்பி, “அக்கா, 300 ரூபாய் கொடுங்க, ரூட் பண்ணித் தர்றேன், புதுசு மாதிரி ஓடும்” என்றாராம். பண்ணலாமா என்று எங்களைக் கேட்டார். நாங்கள் வாய் திறக்கும் முன்பே பக்கத்து ஊர்க் குழுவின் பிரதிநிதி, “வேண்டாம்க்கா, நான் பட்டது போதும்” என்றார். அவர் பட்டது என்ன என்பதைப் பிறகு சொல்கிறோம். முதலில் ரூட் என்றால் என்னவென்று பார்ப்போம்.

நம் குழுவின் வங்கிக் கணக்கில் பணம் எடுக்க என்ன வேண்டும்? கூட்டத்தில் தீர்மானம் போட்டு, ஊக்குநரும் பிரதிநிதிகளும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருத்தர் மட்டும் போய் எடுத்துவிட முடியாது. ஆண்ட்ராய்டு போனும் ஏறக்குறைய இப்படித்தான். போனில் இருக்கும் ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனி அறை உண்டு. விளையாட்டு ஆப் தன் அறையை விட்டு வந்து வங்கி ஆப்பின் அறையை எட்டிப் பார்க்க முடியாது. கேமரா வேண்டும், காண்டாக்ட் வேண்டும் என்றால் நம்மிடம் அனுமதி கேட்க வேண்டும். எல்லா அறைக்கும் சாவி வைத்திருக்கும் ஒரே அதிகாரிக்குப் பெயர்தான் ‘ரூட்’. ஆண்ட்ராய்டுக்கு அடியில் இருக்கும் லினக்ஸ் என்ற மென்பொருளிலிருந்து வந்த பெயர் அது. காசு கொடுத்து வாங்கிய நமக்கே கம்பெனிக்காரர்கள் அந்தச் சாவியைத் தருவதில்லை. அதை எப்படியாவது கைக்குக் கொண்டுவருவதுதான் ரூட் பண்ணுவது.

இதில் நன்மையே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. போனோடு கம்பெனிக்காரனே ஏற்றி அனுப்பிய, நாம் ஒரு நாளும் திறக்காத ஆப்களை அடியோடு எடுக்கலாம். விளம்பரத்தைத் தடுக்கலாம். போனில் உள்ள எல்லாவற்றையும் முழுசாக நகல் எடுத்து வைக்கலாம். 2010-ஐ ஒட்டிய வருஷங்களில் வந்த பல ஆண்ட்ராய்டு போன்களில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது. தமிழ் படிக்க வேண்டும் என்பதற்காகவே அன்றைக்கு ரூட் பண்ணி எழுத்துருவை ஏற்றியவர்கள் இருக்கிறார்கள். இன்றைய போன்களில் தமிழ் தானாகவே வருவதால் அந்தக் காரணம் போய்விட்டது.

இப்போது பிரதிநிதியின் கதைக்கு வருவோம். ரூட் பண்ண வேண்டுமானால் பெரும்பாலான போன்களில் முதலில் ‘பூட்லோடர்’ என்ற பூட்டைத் திறக்க வேண்டும். போனை ஆன் செய்ததும் சரியான மென்பொருள்தான் ஓடுகிறதா என்று சோதிக்கும் வாசல் காவல்காரன் அது. அந்தப் பூட்டைத் திறந்தால் போனில் உள்ளது அத்தனையும் அழியும். திருட்டுப் போனைத் திறந்து உள்ளே இருப்பதைப் படித்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். கடைத் தம்பி இதை அவரிடம் சொல்லவே இல்லை. மகளின் சீமந்தப் போட்டோ, இரண்டு வருஷ ரசீதுப் படங்கள் எல்லாம் போய்விட்டன. பேரேடு காகிதத்தில் இருந்ததால் குழுக் கணக்கு தப்பியது. (டிஜிட்டல் வந்துவிட்டது என்று பேரேட்டை விட்டுவிடாதீர்கள் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்குத்தான்.)

அதோடு முடியவில்லை. தவணை கட்டும் நாளில் வங்கி ஆப் திறக்க மறுத்தது. பல வங்கி ஆப்களும் பணம் அனுப்பும் ஆப்களும், போன் ரூட் ஆகியிருப்பது தெரிந்தால் வேலை செய்யாது. அவர் பஸ் பிடித்து வங்கிக்குப் போய் வரிசையில் நின்று கட்டினார். அன்றைய நூறு நாள் வேலைக் கூலியும் போச்சு.

வங்கி ஆப் ஏன் மறுக்கிறது? அது வீம்பு இல்லை. ரூட் பண்ணிய போனில் ஏதாவது ஒரு ஆப், “எனக்கு முழு அதிகாரம் தருகிறாயா?” என்று கேட்கும். ஆங்கிலத்தில் வரும் எதற்கும் ‘ஓகே’ தட்டுவது நமக்குப் பழக்கம். தட்டிவிட்டால் அந்த ஆப் எந்த அறைக்குள்ளும் நுழையும். ஓடிபி மெசேஜைப் படிக்கும், நாம் தட்டும் ரகசிய எண்ணைப் பார்க்கும். ஒற்றைக் கையெழுத்தில் கணக்கை ஒப்படைத்த மாதிரிதான். கம்பெனி அவ்வப்போது அனுப்பும் பாதுகாப்பு அப்டேட்டும் பல போன்களில் சரியாக ஏறாது. வாரண்டியும் போகலாம். பாதி வேலையில் ஏதாவது தப்பினால் போன் ஆன் ஆகாமலே கிடக்கும். சாம்சங் போன்கள் பலவற்றில் உள்ளே ஒரு மின் அடையாளம் நிரந்தரமாக எரிந்துவிடும். பிறகு பழைய மென்பொருளையே திரும்ப ஏற்றினாலும் அது மாறாது.

வீட்டில் பாலிடெக்னிக் படிக்கும் பையனோ பெண்ணோ, சிம் இல்லாமல் கிடக்கும் பழைய போனை வைத்துக் கற்றுக்கொள்கிறேன் என்றால் செய்யட்டும், தடுக்க வேண்டாம். பணமும் குழுக் கணக்கும் இருக்கும் போனில் மட்டும் கூடாது என்பது எங்கள் கருத்து.

ஊக்குநரின் போனுக்கு என்ன செய்தோம்? ரூட் இல்லாமலே இடம் கிடைத்தது. வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், அதில் ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’, அதில் ‘மேனேஜ் ஸ்டோரேஜ்’ போனால், எந்தக் குரூப் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று தெரியும். காலை வணக்கப் பூப்படங்களும் வீடியோக்களும்தான் பாதிக்கு மேல். அழித்தோம். படங்கள் தானாக இறங்குவதையும் அதே ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’ பக்கத்திலேயே நிறுத்தினோம். எடுக்க முடியாத ஆப்களில் சிலவற்றை போன் செட்டிங்ஸில் ‘டிசேபிள்’ செய்தோம். போன் ஓடுகிறது. புதுசு மாதிரி இல்லை, ஆனால் ஓடுகிறது.

பழைய போன் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆன் செய்யும்போது பூட்லோடர் திறந்திருக்கிறது என்று எச்சரிக்கை வந்தால் வாங்காதீர்கள். பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, செட்டிங்ஸ், பிறகு ‘அபவுட்’ பார்த்தால் ‘டிவைஸ் ஈஸ் சர்டிஃபைட்’ என்று இருக்க வேண்டும். இதையும் மறைக்கத் தெரிந்தவர்கள் உண்டு, அதனால் முன்பின் தெரியாதவர்களிடம் வாங்காமல் இருப்பது நல்லது. ஏற்கெனவே ரூட் பண்ணிய போன் வைத்திருந்தால் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கொடுத்து அசல் மென்பொருளை ஏற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். அதுவரை அதில் பண வேலை வேண்டாம். ரகசிய எண்ணை வேறு போனிலோ ஏ.டி.எம்.மிலோ மாற்றுங்கள். கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் அன்றே, அந்த நிமிஷமே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது போனை சார்ஜ் போட்டுக் கொண்டு வாருங்கள். வாட்ஸ்அப் படங்களை அழிப்பதை ஒவ்வொருவருக்கும் செய்து காட்டுகிறோம். வேண்டிய போட்டோக்களை முன்னாடியே பிள்ளைகளிடம் சொல்லி வேறு இடத்தில் ஏற்றி வைத்துவிடுங்கள்.