பட்டுத்திரை அச்சோவியம்: முதல், வழி, சார்பு

ஓவியன் தன் கையால் தீட்டிய ஓவியம் உலகில் ஒன்றே. அச்சகத்திற் பெருக்கிய படமோ எண்ணிறந்தது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதாய், ஓவியனின் கையொப்பமும் '12/100' என்பது போன்ற எண்ணும் பெற்று, இத்துணைப் படிகளே என வரையறுத்து வெளியிடப்பெறும் வகை ஒன்று உண்டு. அதனை அச்சோவியம் என்னலாம். அது மூலமா, படியா என்னும் வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கி மூலபாடம் காணும் தமிழாய்வாளர்க்கு இவ்வினா புதிதன்று. அதற்குரிய விடையும் நம் இலக்கணத்துள்ளேயே உளது என்பதை யாம் காட்டப் புகுகின்றோம். எடுத்துக்காட்டாக, இந்திய அருவ ஓவியருள் தலைசிறந்தவருள் ஒருவரான எஸ். எச். ரசாவின் 'பிந்து' ஓவியங்களை ஒட்டி வெளிவந்த பட்டுத்திரை அச்சுகளை எடுத்துக்கொள்வோம்.

1. கருவியும் தொழிலும்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் உள்ள வேப்பம்பட்டு முதலிய ஊர்களில் வாழ்வோர்க்கு இத்தொழில் அயலானதன்று. திருமண அழைப்பிதழ், துணிப்பை, பனியன், தொழிற்சாலைப் பொருள்களின் மேலுள்ள பெயர் ஆகியன 'ஸ்கிரீன் பிரிண்டிங்' என மக்கள் வழங்கும் இம்முறையாலும் அச்சிடப்படுகின்றன. (இவ்வூர்ப்பெயரின் ஈற்றில் நிற்கும் 'பட்டு' சிற்றூரைக் குறிப்பது, ஈண்டு யாம் கூறும் பட்டு துகில்.)

சட்டம் ஒன்றில் நுண்ணிழைத் துணியை இறுக்கிக் கட்டுவர். முன்னர் அது பட்டாக இருந்தது. இன்று பெரும்பாலும் பாலியெஸ்டர் ஆயினும் பழம்பெயர் நிலைத்துவிட்டது. மை செல்லலாகாத இடங்களை அடைத்து, செல்லவேண்டிய இடங்களைத் திறந்து விடுவர். அடைப்பதற்கு, கத்தியால் வெட்டிய படலத்தையோ ஒளி பட்டால் இறுகும் பசையையோ கொள்வர். பின்னர்த் திரையைத் தாளின்மேல் வைத்து, மையை ஊற்றி, ரப்பர் விளிம்புடைய கட்டையால் இழுத்தால், திறந்த கண்களின் வழியே மை தாளிற் படியும். ஒரு வண்ணத்திற்கு ஒரு திரை என்பது பொதுவிதி. எனவே 12 வண்ணமுடைய அச்சில் 100 படி எடுக்க 1,200 முறை இழுத்தல் வேண்டும். ஒவ்வொரு வண்ணமும் உலர்ந்த பின்னரே அடுத்தது இடப்படும். அதுவும் முந்தையதோடு இம்மியும் விலகாது பொருந்தவேண்டும்.

துளைத்த தாளின் வழியே சாயமிடும் வழக்கம் கீழை நாடுகளில் தொன்மையானது. 1907 இல் மான்செஸ்டர் நகரத்துச் சாமுவேல் சைமன் திரை முறை ஒன்றிற்குக் காப்புரிமை பெற்றார். வணிக விளம்பரத்திற்குப் பயன்பட்டு வந்த இதனை, 1930களின் இறுதியில் நியூயார்க்கில் அரசு உதவித்திட்டத்தின்கீழ்ப் பணியாற்றிய அந்தோணி வெலோனிசு முதலியோர் ஓவியக் கருவியாக வளர்த்தனர். வணிக அச்சினின்றும் ஓவியனது அச்சைப் பிரித்துக் காட்டுதற்பொருட்டே 'செரிகிராப்' என்னும் பெயர் புனையப்பட்டது. அதன் முற்பகுதி பட்டையும், பிற்பகுதி எழுதுதலையும் குறிக்கும். யாம் எழுப்பிய வினா அப்பெயர் பிறந்த பொழுதே உடன் பிறந்ததென்பது இதனாற் புலப்படும்.

2. அருவ ஓவியத்திற்கு இக்கருவி ஏன்?

நாளிதழும் சுவரொட்டியும் அச்சாகும் ஆப்செட் முறையில், நான்கு மைகளின் நுண்புள்ளிகள் அருகருகே விழ, கண்ணே அவற்றைக் கலந்து காண்கின்றது. பட்டுத்திரையிலோ, வேண்டிய வண்ணத்தையே குழைத்துத் திண்ணிய படலமாகத் தாளின்மேல் இடலாம். உருவ ஓவியத்தில் வண்ணம் சிறிது திரிந்தாலும் மரம் மரமாகவே தோன்றும். அருவ ஓவியத்தில் வண்ணமே பொருள். அது திரியின் ஓவியமே திரியும். நிறங்களின் உறவை ஆராய்ந்த யோசப் ஆல்பர்சு என்பார், 1963 இல் யேல் பல்கலைக்கழகம் வெளியிட்ட தம் நூலின் வண்ணத் தாள்களைப் பட்டுத்திரையில் அச்சிடுவித்தமை இதுபற்றியே என்க.

3. ரசாவின் பிந்து

ரசா 1922 இல் இன்றைய மத்தியப் பிரதேசத்துப் பாபரியா என்னும் சிற்றூரிற் பிறந்தார். 1947 இல் பம்பாயில் சூசா, உசேன் முதலியோருடன் முற்போக்குக் கலைஞர் குழுவை நிறுவினார். 1950 இல் பிரான்சு சென்று அறுபது ஆண்டுகள் வாழ்ந்து, 2010 இல் தாயகம் திரும்பி, 2016 இல் தில்லியில் மறைந்தார். மனம் ஒருநிலைப்படாச் சிறுவனாகத் தாம் இருந்த காலத்து, தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒருவர் சுவரில் ஒரு புள்ளியிட்டு அதனையே நோக்கியிருக்கப் பணித்ததை அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அப்புள்ளியே கரிய வட்டமாகி அவர்தம் ஓவியங்களின் நடுவிடம் கொண்டது. அவர் கூறும் பிந்துவே சைவ சித்தாந்த நூல்களில் நாதத்தோடு சேர்த்துக் கூறப்படும் விந்து.

இவ்வோவியங்களை ஒட்டி, எண்ணும் கையொப்பமும் உடைய பட்டுத்திரை அச்சுகள் வெளியிடப்பட்டன. ஈண்டே சிக்கல் தோன்றுகின்றது. கித்தானில் தூரிகை ஒரு நிறத்தினின்றும் மற்றொன்றிற்கு மெல்ல நழுவிச் செல்லும். திரைக்கோ அந்நழுவல் இல்லை. அதனைப் பல தனி வண்ணங்களாகப் பகுத்தே அச்சிடல் வேண்டும். எங்கே பகுப்பது, எத்தனை திரை கொள்வது, எதனை முன் இடுவது என்பவற்றை முடிவு செய்வோர் தேர்ந்த அச்சுக் கைவினைஞர் ஆவர்.

4. மூன்று வகை

1960 இல் வியன்னாவிற் கூடிய பன்னாட்டுக் கலைஞர் மாநாடு, ஓவியன் தானே தகட்டையோ கல்லையோ பிற கருவியையோ ஆக்கி எடுத்த அச்சே மூல அச்சு என்றது. படிகளின் தொகையை வரையறுத்தல் ஓவியனது உரிமை. ஒவ்வொரு படியிலும் எண்ணும் கையொப்பமும் வேண்டும். அச்சு முடிந்தபின் கருவியை அழித்தல் அல்லது குறியிட்டு ஒழித்தல் வேண்டும் என்றும் அது வகுத்தது. அல்லாதன எல்லாம் மறுபதிப்பு என்பது அதன் முடிபு. இவ்வரையறை இருகூறாகவே பகுத்தலின், ரசாவின் அச்சையும் கடையில் விற்கும் சுவரொட்டியையும் ஒரே கூட்டத்தில் அடைத்துவிடும். அது பொருந்தாது.

நன்னூலார் நூலை முதல், வழி, சார்பு என மூன்றாக வகுத்தார். அவ்வகையே இங்கும் பொருந்துமென யாம் கருதுகின்றோம். ஓவியன் திரைக்கென்றே சிந்தித்து, திரையைத் தானே ஆக்கியது முதற்படி. அதற்கு முன் வேறு மூலம் இன்று. கித்தான் ஓவியத்தைப் பிறர் திரைக்கு மாற்ற, ஓவியன் கண்டு உடன்பட்டுக் கையொப்பமிட்டது வழிப்படி. முதல்நூலின் பொருளைத் தழுவியும், பின்னோன் வேண்டிய வேறுபாட்டை ஏற்றும் வருவது வழிநூல் அன்றோ? தொல்காப்பியர் வழிநூலின் வகை நான்கனுள் மொழிபெயர்ப்பையும் வைத்தார். தூரிகையின் மொழியைத் திரையின் மொழிக்குப் பெயர்த்தலே ஈண்டு நிகழ்வது. இனி, உருவத்தில் ஒருபுடை ஒத்து, வண்ணமும் அளவும் திரிந்து, ஓவியனின் உடன்பாடும் எண்ணும் இன்றிப் பெருகும் சுவரொட்டி சார்புப்படி எனப்படும்.

5. எண்ணும் கையொப்பமும்

எண்ணைப் பற்றிய மயக்கம் ஒன்றையும் களைதல் வேண்டும். தகட்டில் ஊசியால் நேரே கீறி எடுக்கும் அச்சில் கருவி விரைவில் தேய்தலின் முற்பட்ட படிகள் சிறக்கும். பட்டுத்திரையில் அவ்வாறன்று, நூறாவது படியும் முதலாவதற்குத் தாழ்ந்ததன்று. மேலும், ஓவியர்க்கென ஒதுக்கும் படிகள் சில அவ்வெண்ணிற் சேராமல் தனியே நிற்கும். ஆதலின் கீழெண் மொத்தத் தொகையாகாது. கையொப்பம் ஒன்றே சான்றாவதும் இல்லை. சால்வதோர் தாலி என்னும் ஓவியர் வெற்றுத் தாள்களிற் கையொப்பமிட்டளித்தமையால் அவர் பெயரிலுள்ள அச்சுகள் பலவும் ஐயத்திற்கு இடமாயின. திரையை ஆக்கியவர் யார், மூலம் எது, திரை அழிக்கப்பட்டதா என்பனவே வினவத்தக்கன. இவை ஏட்டின் பாடத்தை ஏற்குமுன் எழுதினோன், மூல ஏடு, காலம் ஆகியவற்றை யாம் வினவுதலை ஒக்கும்.

முடிவுரை

வழிப்படி என்பதனால் இழிவு கருதற்க. கம்பன் காவியமும் வான்மீகியை நோக்க வழிநூலே. அத்துணை உரிமை அச்சுக் கைவினைஞர்க்கு இன்றெனினும், அவர்தம் திறமின்றி ரசாவின் கருவட்டம் கித்தான் வாங்க இயலாதார் இல்லச் சுவரை எய்தியிராது. பிழை வழியாய் இருத்தலில் இல்லை. வழியை முதல் என்று கூறி விற்பதில் உள்ளது. ஆகவே நம் காட்சியகங்களும் கல்லூரிகளும் தம் பட்டியல்களில் முதல், வழி, சார்பு என்னும் குறிப்பையும், திரை ஆக்கியோர் பெயரையும் சேர்த்து எழுதுதல் நலம். துணிப்பைக்கும் பிந்துவிற்கும் திரை ஒன்றே. தகுதியை வேறுபடுத்துவது அதன்பின் நிற்கும் கையும் உண்மையுமேயாம்.