லயத்து வீடும் காப்புக் கட்டளையும்

பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், பிரிஞ்சாங் நகரைக் கடந்து மேலே ஏறும் பாதையில் இருக்கும் சிற்றூர் கியா பார்ம். சாலையோரத்தில் காய்கறியும் ஸ்ட்ராபெரியும் தேனும் விற்கும் கடைகள். சரிவுகளில் படிப்படியாக வெட்டிய தோட்டப் பாத்திகள். சற்றுத் தள்ளிச் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குப் பிரியும் வழி. கேமரன் மலையில் 'போ' தோட்டம் தோன்றிய 1929ஆம் ஆண்டை ஒட்டிய காலந்தொட்டே தமிழர் இம்மலையில் கொழுந்து பறித்து வந்துள்ளனர். இங்கு வரும் சுற்றுலாக்காரர் தேயிலைப் பச்சையைப் படம் பிடித்துக்கொண்டு திரும்புவர். அப்பச்சைக்கு நடுவே வரிசையாய் நிற்கும் தொழிலாளர் வீடுகளை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

தோட்டத்து வீட்டுக்கு ஒரு தனி இயல்பு உண்டு. அது வேலையோடு ஒட்டிய வீடு. வேலை யார் பெயரில் இருக்கிறதோ, வீடும் பெரும்பாலும் அவர் பெயரில்தான். கணவன் கை நீட்டும் இரவில் இந்த ஏற்பாடு பெருஞ்சிக்கலாகிவிடுகிறது. "இது என் வீடு, பிடிக்காவிட்டால் நீ போ" என்று அவன் சொன்னால், காகிதத்தில் அவன் சொல்வது மெய்யாகவே தோன்றும். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மலையை விட்டு இறங்குபவள் வீட்டை மட்டுமா இழக்கிறாள்? அவளும் கொழுந்து பறிப்பவளாயின் வேலையையும் இழக்கிறாள். பிள்ளைகள் பள்ளியை இழக்கிறார்கள். அடித்தவனோ மறுநாள் காலை வழக்கம்போல் வேலைக்குப் போகிறான். மனையறத்துள் வன்முறை பங்களாவிலும் உண்டு, அடுக்குமாடியிலும் உண்டு. அது லயத்துக்கு மட்டும் உரியதன்று. ஆனால் யார் வீட்டை விட்டுப் போக வேண்டும் என்ற கேள்வி லயத்தில்தான் மிகக் கடுமையாக எழுகிறது.

பழைய தோட்ட வழக்கம் இதற்கு ஒரு விடை வைத்திருந்தது. தண்டலோ கோயில் தலைவரோ இருவரையும் உட்கார வைத்துப் புத்தி சொல்லி அனுப்புவார். அடிக்கிற கைதான் அணைக்கும் என்ற பழமொழியும் உடன் செல்லும். அப்பழமொழியால் அடியின் வலி குறைந்ததாகத் தெரியவில்லை.

சட்டத்தின் நிலையும் நெடுங்காலம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. தண்டனைச் சட்டத் தொகுப்பின் 323ஆம் பிரிவின்படி ஒருவரைக் காயப்படுத்துவது குற்றந்தான். ஆனால் அது வாரண்டு இன்றிக் கைது செய்யத்தக்க குற்றமாகக் கருதப்படவில்லை. ஆகவே நிலையத்துக்கு வந்த மனைவி, "குடும்ப விவகாரம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்ற சொல்லோடு திரும்பினாள். மற்றொரு வழி 1976ஆம் ஆண்டுத் திருமண, மணமுறிவுச் சீர்திருத்தச் சட்டம். அதன் 103ஆம் பிரிவின்கீழ் கணவன் தொல்லை தராதவாறு உயர்நீதிமன்றம் தடை விதிக்கலாம். ஆனால் அதற்கு மணவாழ்வு தொடர்பான வழக்கு ஒன்று நடந்துகொண்டிருக்க வேண்டும், அல்லது முடிந்திருக்க வேண்டும். அடி நிற்க வேண்டும் என்று மட்டும் கேட்பவளுக்கு அங்கே இடமில்லை.

இந்நிலையை மாற்ற மலேசியப் பெண்கள் அமைப்புகள் 1985இல் கூட்டு நடவடிக்கைக் குழு ஒன்றைத் தொடங்கின. ஒன்பது ஆண்டு முயற்சிக்குப்பின் 1994இல் குடும்ப வன்முறைச் சட்டம், அதாவது 521ஆம் சட்டம், நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வர 1996 ஜூன் முதல் நாள் வரை காத்திருக்க நேர்ந்தது. அத்தாமதத்துக்கும் சட்டத்தின் அமைப்புக்கும் காரணம் ஒன்றே. மலேசியாவில் முஸ்லிம்களின் குடும்ப விவகாரம் மாநிலங்களின் அதிகாரத்துக்கும் ஷரியா நீதிமன்றங்களுக்கும் உட்பட்டது. ஏனையோரின் குடும்பச் சட்டம் மத்திய அரசுக்கு உட்பட்டது. குடும்பச் சட்டமாக எழுதினால் நாட்டில் பாதிப் பெண்களுக்கு மேல் அதற்கு வெளியே நின்றிருப்பர். குற்றச் சட்டமோ எல்லாருக்கும் பொது. ஆதலின் இச்சட்டத்தைத் தண்டனைச் சட்டத் தொகுப்போடு சேர்த்தே படிக்க வேண்டும் என்று வகுத்தனர். சட்டத்தின் பெருமையும் குறையும் இந்த ஒரு முடிவிலிருந்தே பிறக்கின்றன.

முதலில், யார் யாருக்கு இது காப்பு? கணவன், மனைவி, முன்னாள் கணவன், முன்னாள் மனைவி, பிள்ளைகள், தம்மைத் தாமே பேண இயலாத பெரியவர்கள், ஏனைய குடும்பத்தார் ஆகிய அனைவருக்கும் உரியது. மகனிடம் அடிபடும் முதிய தாயும் இதனுள் அடங்குவாள்.

தமிழர் மிகக் கவனிக்க வேண்டியது 'துணைவர்' என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் பொருள். சமயத்தாலோ வழக்கத்தாலோ திருமணமாக ஏற்கப்படும் ஒரு சடங்கு நடந்திருந்தால் போதும். அது பதிவாகாவிட்டாலும் அவர்கள் துணைவரே. தோட்டத்துக் கோயிலில் ஊரறியத் தாலி கட்டி, 'பதிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டவர்கள் பலர். மணமுறிவு, சொத்து முதலிய வழக்குகளில் பதிவின்மை அவர்களுக்குப் பெருந்தடை. காப்புக் கட்டளை கேட்பதற்கு மட்டும் அது தடையன்று. பதிவுச் சான்றிதழ் இல்லை என்று யாரேனும் திருப்பி அனுப்பினால், சட்டத்தை அறியாமல் அனுப்புகிறார் என்று பொருள். எனினும் சடங்கே இல்லாமல் சேர்ந்து வாழ்வோர் இதன் எல்லைக்குள் வருவதில்லை. இது குறையே.

வன்முறை எனப்படுவது அடி மட்டுமன்று. அடிப்பதாக அச்சுறுத்துவது, அறையில் பூட்டி வைப்பது, விரும்பாத செயலை வலிந்து செய்விப்பது, மனம் நோக வேண்டும் என்றே பொருளை உடைப்பது ஆகியவை தொடக்கத்திலிருந்தே சட்டத்தில் உள்ளன. மனத்துக்கு இழைக்கும் கொடுமை 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்தது. குடும்ப வன்முறைக் குற்றம் வாரண்டு இன்றிக் கைது செய்யத்தக்கது என்ற நிலையும் அத்திருத்தத்தில்தான் வந்தது. 2017இல் நிறைவேறி 2018 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், நேர்மையின்றி உடைமையை அபகரிப்பதையும் சேர்த்தது. சம்பளப் பணத்தையும் நகையையும் பறித்துக் குடிப்பவன் இனி வெறும் 'பொறுப்பற்றவன்' அல்லன்.

கட்டளைகள் மூன்று வகை. அவசரக் காப்புக் கட்டளை 2017ஆம் ஆண்டுத் திருத்தம் தந்தது. இதைத் தருபவர் நீதிபதி அல்லர், சமூக நலத்துறை அதிகாரி. உடலுக்குத் தீங்கு நேர்ந்தவரோ, நேரும் என அஞ்சுபவரோ கேட்கலாம். போலீசில் முன்னரே புகார் கொடுத்திருக்க வேண்டியதில்லை. விண்ணப்பித்த இரண்டு மணி நேரத்துக்குள் கிடைக்க வேண்டியது. ஏழு நாள் செல்லும். அடுத்தது இடைக்காலக் காப்புக் கட்டளை. புகார் பதிவாகிப் போலீஸ் விசாரணை நடக்கும் காலத்துக்கு மாஜிஸ்திரேட்டு தருவது இது. பெரும்பாலும் விசாரணை அதிகாரி ஒரு கடிதம் தருவார். அதைக் கொண்டு சமூக நலத்துறைக்குப் போனால், அத்துறையினர் நீதிமன்றத்துக்கு உடன் வருவர். மூன்றாவது, கணவன்மீது குற்றவழக்கு தொடரப்பட்டபின் கிடைக்கும் காப்புக் கட்டளை. பன்னிரண்டு மாதம் வரை செல்லும் அதை மேலும் நீட்டிக்கவும் முடியும்.

இனி வீட்டுக்கு வருவோம். காப்புக் கட்டளையோடு நீதிமன்றம் சேர்க்கக்கூடிய நிபந்தனைகளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு சொல்கிறது. இருவரும் வாழ்ந்த வீட்டில் பாதிக்கப்பட்டவர் மட்டும் குடியிருக்கலாம் என்றும், மற்றவர் வெளியேற வேண்டும் என்றும் நீதிமன்றம் ஆணையிடலாம். வீடு அவனுக்கே சொந்தமானாலும், அவன் பெயரிலேயே குத்தகை இருந்தாலும் ஆணை செல்லும். வீட்டின் உரிமை கைமாறுவதில்லை. குடியிருப்பு மட்டுமே மாறுகிறது. அவளுக்குத் தக்க வேறு வீடு கிடைத்தாலோ, கட்டளை காலாவதியானாலோ இவ்வுரிமை நீங்கும். அவள் இருக்கும் இடத்திலிருந்து ஐம்பது மீட்டருக்குள் அவன் வரக்கூடாது என்றும் ஆணையிடலாம். நகரத்து வீட்டுக்கு ஐம்பது மீட்டர் ஒன்றுமில்லை. லயத்திலோ அது ஒரு வரிசையின் பெரும்பகுதி. இரண்டு வீடு தள்ளித் தம்பி வீட்டில் படுத்துக்கொண்டு இரவெல்லாம் வசைபாடும் வழி அத்துடன் அடைபடுகிறது.

சொத்துரிமையைவிட உயிர்க்காப்பு முந்தியது என்ற இக்கருத்து எளிதில் நிலைபெற்றதன்று. இங்கிலாந்தில் 1976ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னரும் நீதிபதிகள் தயங்கினர். டேவிஸ் – ஜான்சன் வழக்கில் 1978இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த பிறகே, வாடகைப் பத்திரத்தில் பெயருள்ள ஆடவனையும் வெளியேற்றலாம் என்பது உறுதியாயிற்று. இந்தியாவில் 2005ஆம் ஆண்டுச் சட்டம் மனைவிக்குக் குடியிருக்கும் உரிமையைத் தெளிவாகத் தந்தது. ஆயினும், மாமியார் பெயரில் உள்ள வீட்டில் அவளுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2006இல் கூறியது. அது தவறு என்று அதே நீதிமன்றம் சொல்ல 2020 அக்டோபர் ஆயிற்று. இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில் எத்தனை பேர் தெருவுக்கு வந்தனரோ!

மலைவாழ் பெண்ணுக்கு 19ஆம் பிரிவும் முக்கியமானது. பாதிக்கப்பட்டவரை மருத்துவமனைக்கோ பாதுகாப்பான இடத்துக்கோ கொண்டு செல்ல வண்டி ஏற்பாடு செய்வது, உடைமைகளை எடுக்க வீட்டுக்கு உடன் செல்வது, அவருக்குள்ள உரிமைகளை எடுத்துச் சொல்வது ஆகியவை போலீசாரும் நல அதிகாரியும் காட்டும் கருணை அல்ல, அவர்கள் கடமை. மாவட்ட மருத்துவமனை தானா ராத்தாவில் இருக்கிறது. விடுமுறை நாளில் கியா பார்ம் சந்தையருகே கார்கள் நகராமல் நிற்பதை அறிந்தவர்களுக்கு, வண்டியில்லாத ஒரு பெண் அங்கே போய்ச் சேரும் பாடு தெரியும். அரசாங்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில், பரிசோதனையும் போலீஸ் புகாரும் நல உதவியும் ஒரே இடத்தில் கிடைக்கும் ஏற்பாடு உண்டு. 1994இல் கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கியது அது. மருத்துவர் எழுதும் குறிப்பு பின்னர் நீதிமன்றத்தில் பேசும். 15999 என்ற அரசாங்கத் தொலைபேசி எண் இரவிலும் இயங்குகிறது. பக்கத்து வீட்டார்க்கும் சட்டம் துணை நிற்கிறது: நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர்மீது மானநட்ட வழக்குச் செல்லாது. லயத்தில் ஒரு சுவருக்கு அப்பால் கேட்பதை எல்லாரும் கேட்கின்றனர். கேளாததுபோல் இருந்ததற்கு இனிச் சாக்கில்லை.

கட்டளையை வேண்டுமென்றே மீறினால் இரண்டாயிரம் வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மீறும்போது மீண்டும் வன்முறை செய்தால் நாலாயிரம் வெள்ளி, ஓராண்டு என உயரும். காயப்படுத்திய குற்றத்துக்குரிய உச்சச் சிறைக்காலமோ, அடிபட்டவர் மனைவியாயின், 326ஏ பிரிவின்படி இருமடங்கு. மருத்துவச் செலவு, இழந்த கூலி, வீடு மாறிய செலவு ஆகியவற்றுக்கு இழப்பீடும் கேட்கலாம்.

இவ்வளவும் இருந்தும் குறை எங்கே? இடைக்காலக் கட்டளை போலீஸ் விசாரணையைச் சார்ந்தது. காப்புக் கட்டளை குற்றவழக்கைச் சார்ந்தது. புகாரை அவள் திரும்பப் பெற்றாலும், 'மேல் நடவடிக்கை இல்லை' என்று கோப்பை மூடினாலும், காப்பும் கைநழுவிப் போகும். கணவன் சிறைக்குப் போனால் கூலி நிற்கும் என்று அஞ்சுபவள், அடி மட்டும் நின்றால் போதும் என்றே விரும்புகிறாள். இலங்கையின் 2005ஆம் ஆண்டு 34ஆம் சட்டத்தின்கீழும் இந்தியச் சட்டத்தின்கீழும் அவள் நேரே மாஜிஸ்திரேட்டிடம் போகலாம், குற்றவழக்கு வேண்டியதில்லை. சிங்கப்பூரிலும் அவ்வாறே. எல்லா இனத்தாரையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவர மலேசியா தந்த விலை, அக்கூரையின் சாவியைப் போலீசாரிடம் கொடுத்ததாகும். அவசரக் கட்டளை அந்தச் சாவியின்றித் திறக்கும் ஒரு சிறு கதவு. ஆனால் அது திறந்திருப்பது ஏழே நாள்.

தோட்டத்தைப் பொறுத்தவரை இன்னொரு முடிச்சும் அவிழாமல் கிடக்கிறது. நீதிமன்றக் கட்டளை கணவனைக் கட்டுப்படுத்தும். தோட்ட நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தாது. அவன் வேலையை விட்டு ஓடிவிட்டால், வேலையோடு ஒட்டிய வீட்டை நிர்வாகம் கேட்கும். தொழிலாளர் குடியிருப்புக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டம் வீடும் வசதிகளும் எத்தகையனவாக இருக்க வேண்டும் என்பதைப் பற்றியது. குடும்பம் பிரிந்தால் அதில் யார் இருப்பது என்பதைப் பற்றியதன்று. அவளும் அத்தோட்டத்தில் பெயர் பதிந்த தொழிலாளியாக இருந்தால், தன் பெயரிலேயே வீடு கேட்க அவளுக்கு ஓர் அடிப்படை உண்டு. கட்டளை கைக்கு வந்ததும் அதன் நகல் ஒன்றைத் தோட்ட அலுவலகத்தில் கொடுத்து, வீட்டுப் பதிவைத் தன் பெயருக்கு மாற்றும்படி எழுத்திலேயே கேட்டு வைப்பது நன்று. கட்டளையின் பன்னிரண்டு மாதம் அதற்குள் ஓடத் தொடங்கியிருக்கும்.