தங்கச் சில்லும் ஒரு டாட் ப்ராடக்ட்டும்

இந்த வார எபிசோடில் காலேஜ் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் பாடம் பற்றிப் பேசும்போது நடுவில் பலெர்மோவை இழுத்தேன், நேரம் போதவில்லை. மிச்சத்தை இங்கே எழுதிடறேன்.

நம்ம ஊரில் இந்தப் பாடம் பெரும்பாலும் கோடு போடுவதில் ஆரம்பிக்கும். டிடிஏ, அப்புறம் பிரெசன்ஹாம். 1962-ல் ஐபிஎம்மில் ஒரு பிளாட்டருக்காக அவர் யோசித்த வழி அழகானதுதான். முழு எண்களை மட்டும் வைத்தே வேலையை முடிச்சிடும். பேப்பரில் டேபிள் போட்டுத் திருத்தவும் சுலபம், அதனால் பரீட்சையில் அதற்குத் தனி மவுசு. ஒளி பற்றிய பகுதி வரும்போது செமஸ்டரே முடிஞ்சிருக்கும்.

நான் பாடம் எடுத்தால் பலெர்மோ அரண்மனைக்குள் இருக்கும் கப்பெல்லா பலத்தீனா தேவாலயத்தில் ஆரம்பிப்பேன். நார்மன் மன்னர் இரண்டாம் ரொஜர் கட்டியது, 1140-ல் அர்ச்சிக்கப்பட்டது. உள்ளே எங்கு பார்த்தாலும் மொசைக். கண்ணாடிக்குள் தங்க ரேக்கு வைத்த சின்னச் சின்னச் சில்லுகள், கையால் பதித்தவை. எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்காது, ஒவ்வொன்றும் லேசா ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.

ஒரு பரப்புக்குச் செங்குத்தா நிற்கும் திசைதான் நார்மல். சுண்ணாம்புச் சுவர் என்றால் நார்மலுக்கும் விளக்குத் திசைக்கும் டாட் ப்ராடக்ட் எடுத்தால் போதும்: நேரே விழுந்தால் 1, 60 டிகிரி சாய்ந்தால் 0.5. நீங்க எங்கே நின்றாலும் அதே வெளிச்சம். தங்கச் சில்லு அப்படி இல்லை. ஒளியை ஒரு பக்கமாகத் திருப்பி அடிக்கும், அங்கே உங்க கண் இருந்தால்தான் பளிச். நாலடி நடந்தால் ஒரு சில்லு அணையும், பக்கத்துச் சில்லு எரியும். யூட்டா பல்கலைக்கழகத்தில் புய் துவோங் ஃபோங் 1973-ல் ஆய்வேட்டில் எழுதினது இதற்கான கணக்குதான்: பிரதிபலிக்கும் திசையையும் பார்க்கும் திசையையும் டாட் ப்ராடக்ட் எடுத்து, ஒரு அடுக்குக்கு உயர்த்து. அடுக்கு கூடினால் பளபளப்புப் புள்ளி சுருங்கும்.

1978-ல் ஜேம்ஸ் பிளின் செய்தது இன்னும் குறும்பு. பரப்பைத் தொடவே இல்லை, நார்மலை மட்டும் அசைத்தார், சமதளம் சொரசொரப்பாத் தெரிந்தது. பம்ப் மேப்பிங்.

இது புரிந்த மாணவர், கேம் எஞ்சினில் மாடல் கறுப்பா வந்தால் செட்டிங்ஸைக் கண்டபடி தட்ட மாட்டார். நார்மல் உள்பக்கம் திரும்பியிருக்கான்னு முதலில் பார்ப்பார்.

லேபுக்கு ஓப்பன்ஜிஎல்கூட வேண்டாம். பைத்தானில் 64-க்கு 64 சதுரங்கள், ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் சாய்த்த நார்மல், பிபிஎம் ஃபைலா எழுதுங்க. கண்ணை நகர்த்திப் பத்து படம் எடுத்து ஓட்டிப் பாருங்க. மினுங்கினால் எனக்கும் அனுப்புங்க.