காலால் அடக்கும் ஓசை

பாடுபவரின் குரலை மின்கித்தார் அமுக்கிவிடுகிறதா? வாசித்துக்கொண்டே காலால் ஓசையைக் கூட்டிக் குறைக்க உதவுவது வால்யூம் பெடல். நம் பிள்ளைகள் அதைக் கேட்டால், இரண்டு செய்திகளை அறிந்து வாங்குவோம்.

முதலாவது, வகை. சாதாரண மின்கித்தாரிலிருந்து கம்பி நேரே பெடலுக்குப் போனால், 250 கிலோ ஓம் வகையே ஏற்றது. 25 கிலோ ஓம் வகையானால் ஓசை மழுங்கும். மின்கலத்தில் இயங்கும் பிக்கப் உள்ள கித்தாருக்கு அந்த 25 பொருந்தும்.

இரண்டாவது, இடம். கரகரப்பு ஊட்டும் பெட்டிக்கு முன்னே வைத்தால், ஓசையைக் குறைக்கும்போது கரகரப்பும் குறையும். பின்னே வைத்தால் கரகரப்பு நிற்கும்; ஓசை மட்டும் தணியும். எதிரொலிப் பெட்டிக்கு முன்னே வைத்தால், பெடலை மூடிய பின்னும் எதிரொலி மெல்லத் தேய்ந்து மறையும். பின்னே வைத்தால் அதுவும் சட்டென்று நின்றுவிடும்.

பாடுபட்டுச் சேர்த்த பணம் அல்லவா? கடைக்குக் கித்தாரையும் கொண்டுபோய், மாட்டிக் கேட்டுப் பார்த்தே வாங்குவோம்.