இடப்பக்க ஸ்டியரிங்கும் 30 வயதுக் கணக்கும்

சாலையின் இடது ஓரமாக வண்டி ஓட்டும் நாடு பிரிட்டன். ஓட்டுபவர் வலப்பக்கம் உட்காருவதுதான் அங்கே வழக்கம். அப்படியிருந்தும் 1980களில் ஐரோப்பாவில் உருவான பேர்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் வலப்பக்க ஸ்டியரிங் என்ற பேச்சே எழவில்லை. பி.எம்.டபிள்யூவின் முதல் எம்3, லான்சியா டெல்டா இன்டக்ராலே, ஃபெராரி எஃப்40, போர்ஷே 959 ஆகிய நான்குமே தொழிற்சாலையிலிருந்து இடப்பக்க ஸ்டியரிங்கோடு மட்டும் வெளிவந்தவை. லண்டனில் இருந்துகொண்டு இவற்றில் ஒன்றின்மேல் ஆசை வைத்தால் இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டத் தயாராக வேண்டியதுதான். போர்ஷே 911 போல இரண்டு வகையிலும் கிடைக்கும் கார்களின் கதை வேறு. பிரிட்டிஷ் சந்தையில் சாதாரண 911க்கு ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தால் விலை பொதுவாகக் கொஞ்சம் இறங்கும். அந்த இறக்கமே சிலரை இழுக்கிறது. இரு தரப்பாருக்கும் கேள்வி ஒன்றுதான்: ஏற்கெனவே பிரிட்டனில் பதிவாகி நிற்கும் செகண்ட் ஹேண்ட் காரை வாங்குவதா, ஜெர்மனிக்கோ இத்தாலிக்கோ போய்ப் பிடித்து வருவதா? கார்ப் பித்தர்கள் இதற்கு ரசனையை வைத்துப் பதில் சொல்கிறார்கள். ஜெர்மன்காரரின் பராமரிப்பு, இத்தாலிய வெயில், பிரிட்டிஷ் மழை என்று பேச்சு போகும். என் பார்வையில் இதைத் தீர்மானிப்பது காரின் வயது. 30 வயதைத் தொட்ட காரை வெளிநாட்டில் தேடலாம். அதற்கு இளைய காரை, அங்கே எவ்வளவு மலிவாகத் தெரிந்தாலும், பிரிட்டனிலேயே நிற்பதாகப் பார்த்து வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

முதலில், ஸ்டியரிங் இடப்பக்கம் இருப்பதே ஒரு குறை என்ற எண்ணத்தை ஒதுக்கிவிடலாம். எம்3யும் டெல்டாவும் 'குரூப் ஏ' பந்தயங்களில் இறங்குவதற்காகப் பிறந்தவை. அந்தப் பிரிவின் விதிப்படி 5,000 வண்டிகள் தயாரித்துக் காட்ட வேண்டும். அந்தச் சிறிய எண்ணிக்கைக்காக ஸ்டியரிங், பெடல், டாஷ்போர்டு எல்லாவற்றையும் எதிர்ப்பக்கம் மாற்றியமைக்கும் செலவு கட்டுப்படியாகாது. மாற்றியமைத்த கார்கள் பெற்றதைவிட இழந்தது அதிகம் என்றும் சொல்லலாம். முதல் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ அதற்குச் சரியான சாட்சி. பிரிட்டனுக்கு வந்த வண்டியில் பிரேக் பெடல் வலப்பக்கம் போனது. ஆனால் அந்த மிதியைப் பலமடங்காக்கும் சர்வோ பழைய இடத்திலேயே, இடப்பக்கத்திலேயே, இருந்துவிட்டது. இரண்டையும் இணைக்க எஞ்சினுக்குப் பின்னால் குறுக்காக ஒரு கம்பித் தண்டு ஓடியது. மிதிக்கும் விசையில் ஒரு பங்கு அந்தத் தண்டும் அதன் இணைப்புகளும் நெளிவதிலேயே போய்விடும். பிரேக் பஞ்சு போல இருக்கிறது என்று அந்தக் காலத்து பிரிட்டிஷ் ஓட்டுநர்கள் அலுத்துக்கொண்டதற்கு அதுவே காரணம். இடப்பக்க கோல்ஃபில் இந்தத் தொல்லை கிடையாது.

இனி கணக்கு. 2020 டிசம்பர் 31 வரை ஐரோப்பிய ஒன்றியத்தில் பழைய கார் வாங்குவதில் வரி என்ற பேச்சுக்கே இடமில்லை. காலை விமானத்தில் மியூனிக் போய், பணத்தைக் கொடுத்து, பிரான்சின் கலே வரை ஓட்டிவந்து, சுரங்க ரயிலில் ஏற்றினால் காரியம் முடிந்தது. 2021 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வரும் காரும் இறக்குமதிச் சரக்குதான். காரின் விலையோடு அதைக் கொண்டுவரும் செலவையும் கூட்டி அதன்மேல் 10 சதவீதம் சுங்கவரி. சுங்கத்தையும் சேர்த்த தொகையின்மேல் 20 சதவீதம் வாட், அதாவது மதிப்புக்கூட்டு வரி. போக்குவரத்துச் செலவை விட்டுவிட்டே பார்ப்போம். 30,000 பவுண்ட் காருக்குச் சுங்கம் 3,000, வாட் 6,600, மொத்தம் 39,600. ஜெர்மன் விலைக்கும் பிரிட்டிஷ் விலைக்கும் 32 சதவீத வித்தியாசம் இருந்தாலொழிய இந்தப் பயணத்தில் லாபமே இல்லை. இதைவிட உறுத்துவது வேறொன்று. ஜெர்மனியில் அந்தக் கார் புதிதாக விற்றபோது கட்டிய வாட், விலைக்குள்ளேயே கரைந்து கிடக்கிறது. தனியாரிடம் வாங்கினால் அதில் ஒரு சென்ட்கூடத் திரும்பாது. டீலரிடம் வாங்கினாலும், பெரும்பாலான பழைய கார்கள் டீலரின் லாபத்துக்கு மட்டும் வாட் கட்டும் முறையில்தான் விற்பனையாகின்றன. ஏற்றுமதி என்று கழித்துத் தரப் பெரிதாக ஒன்றும் இருக்காது. வாட் தனியாகக் காட்டப்பட்ட கார்களும் உண்டு, ஆனால் அவை பெரும்பாலும் கம்பெனிக் கணக்கில் ஓடிய புது மாடல்கள். ஆக, ஒரே காருக்கு இரண்டு நாட்டு வாட்டையும் சுமப்பவர் கடைசியாக வாங்குபவர்தான்.

பிரிட்டனுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் வர்த்தக ஒப்பந்தம் இருக்கிறதே, ஒன்றியத்தில் தயாரான காருக்குச் சுங்கம் பூஜ்யம்தானே என்று கேட்பார்கள். ஒப்பந்தம் இருப்பது உண்மை. ஆனால் ஸ்டுட்கார்ட்டில் செய்த போர்ஷே ஸ்டுட்கார்ட்டிலிருந்தே வருகிறது என்று வாயால் சொன்னால் போதாது. அது ஒப்பந்தத்தின் விதிகளின்படி 'ஒன்றியத்தில் உருவான பொருள்' என்பதற்குச் சான்று வேண்டும். 6,000 யூரோவுக்கு மேற்பட்ட சரக்கென்றால் அந்த உறுதிமொழியைத் தர ஏற்றுமதியாளருக்கு அதற்கான பதிவு எண் இருக்க வேண்டும். 15 ஆண்டு ஓடிய காரைக் கராஜிலிருந்து விற்கும் தனியாரிடம் அந்த எண்ணுக்கு எங்கே போவது? காரின் எந்தெந்தப் பாகம் எந்த நாட்டில் உருவானது என்று அவருக்குத் தெரியவும் போவதில்லை. பெரிய டீலர்கள் சிலரால் முடியலாம். முடியும் என்று வாயால் சொல்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே அந்த 10 சதவீதத்தைக் கணக்கிலிருந்து கழிக்க வேண்டும்.

30 வயதில் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகிறது. குறைந்தது 30 ஆண்டு பழையது, அந்த மாடல் இப்போது தயாரிப்பில் இல்லை, சேஸிஸ், எஞ்சின், ஸ்டியரிங், பிரேக் போன்றவற்றில் பெரிய மாற்றமின்றி மூல நிலையில் இருக்கிறது என்றால், சுங்கத் துறை அதைக் கார் என்ற தலைப்பிலிருந்து எடுத்துச் சேகரிப்புப் பொருள் என்ற தலைப்பில் வைக்கிறது. சுங்கம் இல்லை, வாட் 5 சதவீதம். அதே 30,000 பவுண்ட் இப்போது 31,500. எட்டாயிரத்துச் சொச்சம் பவுண்ட் வித்தியாசத்துக்கு ஒரு பிறந்தநாள்தான் காரணம். எம்3 1991இலும் எஃப்40 1992இலும் நின்றுபோயின; 90களின் நடுப்பகுதிக்குள் டெல்டாவும் முடிந்தது. இடப்பக்க ஸ்டியரிங்கைத் தவிர வேறு வழியே இல்லாத அந்தத் தலைமுறை முழுவதும் இந்தச் சலுகைக்குள் வந்துவிட்டது. எஞ்சினைக் காற்றால் குளிர்விக்கும் கடைசி 911 ஆன 993, 1998 வரை தயாரானதால், ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கோட்டைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. மூல நிலை என்ற நிபந்தனையை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. டெல்டா போன்ற கார்களைக் கைவைக்காமல் விட்டவர்கள் குறைவு. பெரிய டர்போவும் வேறு பிரேக்கும் மாட்டிய காரைச் சேகரிப்புப் பொருளாக ஏற்காமல் அதிகாரி முழு வரியையும் போட்டுவிட்டால், வாதாடுவது வாங்குபவர் தலையில்தான் விழும்.

30க்குக் குறைந்த கார்களைப் பிரிட்டனிலேயே வாங்கச் சொல்வதற்கு வரி மட்டும் காரணமில்லை. பழைய நாளில் பிரிட்டனில் விலைபோகாத இடப்பக்கக் காரை ஐரோப்பாவுக்குத் திருப்பி விற்பது எளிது. பவுண்ட் சரிந்த 2016க்குப் பின் அப்படிப் போனவை உண்டு. இப்போது அந்தக் கதவும் அடைபட்டிருக்கிறது. ஒன்றியத்தைவிட்டுப் போய் மூன்று ஆண்டுக்கு மேலான கார் திரும்பி வந்தால் பொதுவாக 10 சதவீதச் சுங்கமும் அந்த நாட்டு வாட்டும் கட்ட வேண்டும். ஜெர்மனியில் வாட் 19 சதவீதம். அதனால் 2005ஆம் ஆண்டு 911 ஒன்று பிரிட்டனில் இடப்பக்க ஸ்டியரிங்கோடு நின்றால், உள்ளூரில் அதை விரும்புபவர் குறைவு, வெளியூரில் வாங்குபவருக்குக் கட்டாது. விற்பவர் இதை உணர்ந்திருப்பார், பேரத்தில் வாங்குபவர் கையே ஓங்கும். நாளைக்கு நீங்கள் விற்கும்போது இதே நிலைதானே என்றால், ஆமாம். குறைத்து வாங்கியதைக் குறைத்தே விற்பதில் நட்டம் எங்கே? ஐந்தாறு ஆண்டு வைத்து ஓட்ட எண்ணுபவருக்கு அது பொருட்டில்லை. ஆறு மாதத்தில் கைமாற்றி லாபம் பார்க்க நினைப்பவர் இந்தப் பக்கம் வரவே வேண்டாம்.

என் வாதத்தில் ஒரு இடம் கொஞ்சம் வலுக்குறைந்தது. அமெரிக்காவில் 25 வயதைத் தாண்டிய காருக்கு அந்நாட்டுப் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு உண்டு. அங்கே இடப்பக்க ஸ்டியரிங்தான் நடைமுறை. ஆகவே பிரிட்டிஷ் வாங்குபவர் 30ஆவது பிறந்தநாளுக்குக் காத்திருக்கும்போதே அமெரிக்கர் ஐந்தாண்டு முந்திக்கொள்கிறார். ஆனால் இந்தப் போட்டி எல்லாக் காருக்கும் இல்லை. அமெரிக்காவில் கம்பெனியே விற்ற சாதாரண 911க்காகவோ எம்3க்காகவோ அவர்கள் கடல்தாண்டி வர வேண்டியதில்லை. டெல்டா போல அங்கே விற்கப்படாதவற்றுக்குத்தான் தேடிவருவார்கள். அந்த மாதிரிக் காரில் மட்டும், 27, 28 வயதில் நல்லது ஒன்று பிரிட்டனில் கண்ணில் பட்டால், சலுகைக்காகக் காத்திருக்காமல் எடுத்துவிடுவதே நல்லது.

காரின் பூர்வீகத்தைத் துருவிப் பார்ப்பதிலும் பிரிட்டன் முன்னால் நிற்கிறது. மூன்று வயதைத் தாண்டிய காருக்குப் பொதுவாக ஆண்டுதோறும் எம்.ஓ.டி. என்ற தகுதிப் பரிசோதனை உண்டு; 2000களின் நடுப்பகுதியிலிருந்து நடந்த பரிசோதனைகளின் முடிவை, நம்பரைத் தட்டினால், யாரும் இலவசமாகப் பார்க்கலாம். எந்த ஆண்டு எத்தனை மைல் ஓடியிருந்தது, எந்தப் பக்கம் துரு என்று வரிசையாக வரும். ஜெர்மனியில் இரண்டாண்டுக்கு ஒருமுறை கடுமையான சோதனை உண்டு. ஆனால் முடிவுகளை வாங்குபவர் இப்படிப் பார்க்கப் பொதுத் தளம் கிடையாது. மீட்டரைத் திருப்புவது அங்கே 2005 முதல் குற்றம் என்றாலும், முன்பின் தெரியாத ஊரில் முத்திரை குத்திய சர்வீஸ் புத்தகத்தை நம்பித்தான் பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது. முத்திரை செய்வதும் ஒரு தொழில்தானே. வெளிநாட்டில்தான் வாங்குவது என்று முடிவானால் பெல்ஜியத்தையும் நெதர்லாந்தையும் முதலில் பாருங்கள் என்பேன். பெல்ஜியத்தில் பழைய காரை விற்கும்போது கிலோமீட்டர் வரலாற்றுச் சான்று தருவது 2006 இறுதியிலிருந்து கட்டாயம்; நெதர்லாந்திலும் மீட்டர் கணக்கை அரசே பதிந்து வைக்கிறது. ஜப்பானையும் மறக்க வேண்டாம். அங்கேயும் இடது ஓரப் போக்குவரத்துதான், ஆனால் பணம் கொழித்த 80களின் இறுதியில் ஐரோப்பியக் காரை இடப்பக்க ஸ்டியரிங்கோடு வாங்குவதை அந்தஸ்தாக நினைத்தார்கள். ஏலச் சந்தையில் ஒவ்வொரு காருக்கும் கீறல், சொட்டை வரை குறித்த தாள் ஒன்று உண்டு. ஆனாலும் ஜெர்மன் கார் ஜப்பானிலிருந்து வந்தால் அதற்குப் பிரிட்டன்-ஜப்பான் வர்த்தக ஒப்பந்தச் சலுகை கிடைக்காது. அங்கேயும் 30 வயதுக் கோடுதான்.

ஓட்டுவதில் உள்ள சிரமத்தை மறைக்க முடியாது. இருவழிச் சாலையில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், எதிரே வருவது தெரிய வண்டியின் பாதியை நடுக்கோட்டுக்கு வெளியே நீட்டியாக வேண்டும். இடைவெளியை அதிகமாக விட்டு, தூரத்து வளைவிலேயே எட்டிப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் வேண்டும். அவசரக்காரர்களுக்கு இது ஒத்துவராது. கார் பார்க்கிங்கில் சீட்டு எடுக்கப் பக்கத்து இருக்கைக்குத் தாவ வேண்டும். விளக்கு விஷயம் எல்லோரும் மறப்பது. வலது ஓரமாக ஓட்டும் நாட்டுக் காரில் ஹெட்லைட்டை டிம் செய்தால் ஒளி வலது ஓரத்தை நோக்கிச் சாயும். அதே கார் பிரிட்டனில் ஓடினால் அந்த ஒளி எதிரே வருபவரின் கண்ணில் போய் விழும், எம்.ஓ.டி.யில் அப்படியே தோற்கும். பின்பக்க மூடுபனி விளக்கு ஒன்றுதான் என்றால் அது நடுவிலோ வலப்பக்கமோ இருக்க வேண்டும். உள்ளூரில் பதிவான காரில் இவையெல்லாம் யாரோ ஏற்கெனவே செலவழித்து முடித்த வேலைகள். புதிதாக இறக்கினால், வண்டி வந்த 14 நாளுக்குள் வரித்துறைக்கு அறிவிப்பு, 10 வயதுக்குக் குறைந்ததென்றால் தனி அங்கீகாரம், பிறகு பதிவு என்று ஒரு வரிசை. தமிழ்நாட்டில் இருந்து படிப்பவருக்கு இந்த வழியே கிடையாது. பழைய காரை இந்தியாவில் இறக்கப் பொதுவாக வலப்பக்க ஸ்டியரிங்கும் மூன்று வயதுக்குள் இருப்பதும் நிபந்தனை.

லண்டன் தமிழ் வீடுகளில் இந்தப் பேச்சு எழுந்தால், ஜெர்மனியில் மச்சான் இருக்கிறார், அவர் பார்த்து எடுத்து வைப்பார் என்று ஒருவராவது சொல்வார். மச்சான் நேரில் போய்ப் பார்ப்பதால் மோசடி குறையலாம்; கூடவே அந்த மாடலைத் தெரிந்த மெக்கானிக்கையும் கூட்டிப்போனால் இன்னும் நல்லது. வரி மட்டும் ஒரு சென்ட் குறையாது. குறைய வேண்டுமானால் மச்சானே பிரிட்டனுக்குக் குடிபெயர வேண்டும். 12 மாதமாவது பிரிட்டனுக்கு வெளியே வாழ்ந்து, அந்தக் காரைக் குறைந்தது ஆறு மாதம் தானே வைத்து ஓட்டிய ஒருவர் குடிவந்தால், காருக்குச் சுங்கமும் இல்லை, வாட்டும் இல்லை. ஐரோப்பாவிலிருந்து பிரிட்டனுக்கு இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் ஏராளம் என்பதால் இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. வந்த பிறகு ஓராண்டுக்கு அவர் அந்தக் காரை விற்கவோ, வாடகைக்கு விடவோ, இரவல் தரவோ கூடாது. மீறினால் விட்டுக்கொடுத்த வரியை வசூலிப்பார்கள். அதுவரை நீங்கள் வலப்பக்கம் உட்கார்ந்து மச்சானுக்கு வழி சொல்லிக்கொண்டு போகலாம்.